சிசியை விடுங்க, எண்ணெய்க் கணக்கைக் கேளுங்க

சங்ககிரியில் லாரி டர்போ (புகை வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பிரித்து வேலை பார்ப்பவன் நான். எஃப்1 (ஃபார்முலா 1) கார் ரேஸ் பார்க்கும் பழக்கமும் உண்டு. பட்டறைக்கு வரும் லாரி ஓனர் ஒருவர், ரேஸ் ஓடும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "ஏனுங் தம்பி, எம்பட வண்டி எஞ்சின் ஆறு லிட்டருக்குப் பக்கம். அதே 200 சொச்சம் ஹெச்பிதான் தருது. இத்தனூண்டு 1.6 லிட்டர் ரேஸ் எஞ்சின் எப்படிங் 900 தரும்? பொய்தானுங்களே?"

பொய் இல்லை. ஆனால் சிசியை, அதாவது எஞ்சின் கொள்ளளவை, வைத்துக் கணக்குப் போட்டால் பொய் மாதிரிதான் தெரியும். எரிகிற பெட்ரோலை வைத்துப் போட வேண்டும்.

2014-இல் எஃப்1-க்கு 1.6 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) டர்போ வந்தபோது விதி ஒன்று வந்தது. எஞ்சினுக்குள் மணிக்கு 100 கிலோ பெட்ரோலுக்கு மேல் போகக்கூடாது. ரேஸ் முழுக்கவும் 100 கிலோதான் (பின்னாளில் இது 110 கிலோ ஆனது). ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 43 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் மணிக்கு 100 கிலோ என்பது சுமார் 1600 ஹெச்பி. இதில் பாதியைச் சக்கரத்துக்கு அனுப்பினால் 800. மேலே பேட்டரி மோட்டாரிலிருந்து 160 சேரும். அந்தப் பாதிதான் சங்கதியே. முந்தைய 2.4 லிட்டர் வி8, 18,000 ஆர்பிஎம்மில் அலறிக்கொண்டு, போட்ட பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. நல்ல லாரி டீசல் எஞ்சினே நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேலேதான். மெர்சிடிஸ்காரர்கள் 2017-இல் டைனோவில் (எஞ்சினைச் சோதிக்கும் மேடையில்) ஐம்பதைத் தாண்டிவிட்டோம் என்றார்கள்.

எண்பதுகளின் டர்போ வேறு சாதி. 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ நாலு சிலிண்டர், சாதாரணக் காரின் இரும்பு பிளாக்கில் செய்தது, தகுதிச் சுற்றில் ஆயிரம் ஹெச்பியைத் தாண்டியது. காற்றைத் திணித்தார்கள், பிஸ்டன் உருகாமல் இருக்க பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றினார்கள். எரியாத மிச்சம் சைலன்சர் வழியே தீயாக வெளியே வந்தது. பார்க்க அழகுதான், ஆனால் மைலேஜ் கேட்கும் எங்கள் ஊர்க்காரர் பார்த்தால் வயிறு எரியும்.

அதைக் கட்டுப்படுத்தத்தான் 1988-இல் டர்போ கார்களுக்கு 150 லிட்டர் டேங்க், 2.5 பார் அழுத்தம் என்று கட்டினார்கள். டர்போ இல்லாத 3.5 லிட்டர் கார்களுக்கு டேங்கில் அளவே இல்லை. அப்படியும் ஹோண்டா எஞ்சின் போட்ட மெக்லாரன் 16 ரேஸில் 15-ஐ ஜெயித்தது. டொலுயீன் அதிகம் கலந்த எரிபொருள், அது லேசில் ஆவியாகாது என்பதால் முன்கூட்டியே சூடாக்கி உள்ளே விட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆயிரம் ஹெச்பி அரக்கனைவிட 685 ஹெச்பி சொச்சம் தந்த இந்த எஞ்சின்தான் கெட்டிக்காரத்தனம்.

கட்டுவதிலும் வகை இருக்கிறது. உலக ராலி கார் ரேஸில் 2011 முதல் 2016 வரை 1.6 லிட்டர் டர்போவுக்குக் காற்றைக் கட்டினார்கள், 33 மில்லிமீட்டர் வாய் வழியேதான் உறிஞ்ச வேண்டும். காற்று அங்கே ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் என்ன செய்தாலும் வராது. 300 ஹெச்பிதான். காற்றைக் கட்டினால் பெட்ரோலை மிச்சம்பிடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். எஃப்1 மாதிரி பெட்ரோலைக் கட்டினால்தான் தேவைக்கு மேலே காற்றை விட்டு மெலிசாக எரிக்கும் வித்தை வரும். மெலிசான கலவை சும்மா பற்றாது. அதனால் பிளக்கைச் சுற்றி ஒரு குட்டி அறை. அங்கே பற்றிய தீ பொடி ஓட்டைகள் வழியே பீறிட்டு வந்து சிலிண்டர் முழுவதையும் ஒரே வீச்சில் பற்ற வைக்கும்.

டர்போவைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெஞ்சில் டர்போ வந்ததும் நான் ஷாஃப்ட் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். பக்கவாட்டில் லேசாக ஆடும், அது ஆயில் படலம் நிற்க வேண்டிய இடம், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் ஆடினால்தான் வேலை இருக்கிறது. மேடேறி வந்த சூட்டோடு எஞ்சினை அணைத்துவிடுவார்கள், உள்ளே ஆயில் கருகிப் பிடித்துப் போயிருக்கும். லாரி டர்போவே நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகிறது. எஃப்1-இல் உச்சவரம்பு 1,25,000 என்று இருந்தது. அந்த ஷாஃப்டிலேயே ஒரு மின்மோட்டாரையும் கோர்த்திருந்தார்கள். ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது டர்போவைச் சுழல வைத்திருக்கும், புகைச்சூடு அதிகமானால் ஜெனரேட்டராக மாறிக் கரண்ட் எடுக்கும். ஐம்பது சதவீதத்தில் இதற்குப் பெரிய பங்கு.

அந்த ஷாஃப்ட் மோட்டாரைத்தான் 2026 விதியில் எடுத்துவிட்டார்கள். செலவும் சிக்கலும் அதிகம், புதுக் கம்பெனிகள் வரத் தயங்குகின்றன என்று காரணம். எனக்கு மனசே ஆறவில்லை. பதிலுக்குச் சக்கரத்துப் பக்க மோட்டாரை (மேலே சொன்ன 160 ஹெச்பி பேட்டரி மோட்டார்) 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக்கிவிட்டார்கள். பெட்ரோலையும் இனி கிலோவில் அளப்பதில்லை, மணிக்கு 3000 மெகாஜூல் என்று ஆற்றலிலேயே அளக்கிறார்கள். பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். உள்ளே போவது 1100 ஹெச்பி சொச்சம், பாதி 550. புகைச்சூட்டைப் பிடிக்க அந்த மோட்டார் இல்லாததால் அதற்கும் கொஞ்சம் கீழேதான் நிற்கும் என்பது என் கணிப்பு.