ஸ்டாண்டர்டு ஹெரால்டு: செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

மெட்ராஸில் தயாரான பழைய ஹெரால்டு கார், 948 சிசி. காலையில் செல்ஃப் (என்ஜினைக் கிளப்பும் மோட்டார்) சோம்பலாகச் சுற்றும். சில நாள் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொன்னதுமே, “ஆர்மேச்சர் போயிருக்கும் சார், கழற்றிக் கொண்டுவாங்க, காயில் கட்டிடலாம்” என்றார். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பகுதி. அளந்து பார்க்காமல் கழற்ற எனக்கு மனசில்லை.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன். பேட்டரி படுத்திருந்தாலோ, மோட்டார் இறுகியிருந்தாலோ வெளிச்சம் அடியோடு மங்கும். மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்றால் மங்கவே மங்காது. இங்கே லேசாகத்தான் மங்கியது; கரண்ட் போகிறது, ஆனால் போதவில்லை. அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, சொலினாய்டின் (மோட்டாருக்குக் கரண்டை விடும் ஸ்விட்ச்) ரப்பர் பட்டனைக் கையால் அழுத்தினேன். அப்போதும் அதே சோம்பல். ஆக, சாவி ஸ்விட்ச்மேல் தப்பில்லை.

அடுத்தது மல்டிமீட்டர். என்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரைக் கழற்றி எர்த் செய்துகொண்டேன். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.8, இது பரவாயில்லை. ஆனால் மோட்டாரின் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வெறும் 8. மீதி 2.8 எங்கே போகிறது? பேட்டரியிலிருந்து சொலினாய்டு வழியாக வரும் பாதையில் 0.4தான் குறைந்தது. பேட்டரியின் எர்த் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே வைத்தால் 2.4!

அதற்குள் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சூடு. என்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கு நல்ல எர்த் இல்லையென்றால் கரண்ட் இந்த சோக் கேபிள் வழியாக பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கும். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே இருந்த செம்புப் பின்னல் பச்சை பூத்துக் கிடந்தது, ஒரு போல்ட் பெயின்ட்மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. பளபளவென்று சுரண்டி, புதுசாகத் தடித்த எர்த் ஒயர் போட்டதும் அந்த 2.4, 0.2க்கு இறங்கியது. செல்ஃப் இப்போது துள்ளிச் சுற்றுகிறது.

அது சரியானதும் அடுத்த கோளாறு தலைகாட்டியது: சில சமயம் மோட்டார் மட்டும் ‘உய்ங்’ என்று தனியாகச் சுற்றும், என்ஜின் அசையாது. மோட்டார் சுற்றும்போது முன்னே வந்து என்ஜினைப் பிடித்துச் சுற்ற வேண்டிய பென்டிக்ஸ் பல்சக்கரம் ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டு முன்னே வருவதில்லை. இதற்கு மோட்டாரை இறக்கித்தான் ஆக வேண்டும். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் பானட்டோடு சேர்ந்து தூக்கிக்கொள்வதால் முன் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இந்தச் சுகம் வேறு எந்த வண்டியிலும் எனக்கு வாய்த்ததில்லை. யாரோ முன்பு தாராளமாக கிரீஸ் தடவி, அதில் கிளட்ச் தூசி அப்பிக் களிம்பாகியிருந்தது. பெட்ரோலில் கழுவி, காயவைத்து, உலர்வாகவே மாட்டினேன். அங்கே எண்ணெய் கூடாது.

மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் துண்டுகள் நான்கில் இரண்டு, மாற்ற வேண்டிய 8 மி.மீ. அளவைத் தொட்டுவிட்டன. ஃபீல்டு காயிலோடு (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் காயில்) சேர்ந்திருப்பவற்றைப் பற்றவைக்க வேண்டும். புது செட் கிடைத்ததும் அதே எலக்ட்ரீஷியனிடம்தான் கொடுக்கப் போகிறேன். பற்றவைப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.