முடிவு தெரியாத வாக்கெடுப்பு: பள்ளியில் மாதிரிச் சட்டமன்றம் நடத்துவோருக்கு

பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றம் புதிதல்ல. மத்திய அரசின் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67இலேயே டெல்லிப் பள்ளிகளில் இதைப் போட்டியாகத் தொடங்கியது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் பின்னர் அது வந்தது. ஆனால் பல இடங்களில் நடப்பது ஆண்டுவிழா நாடகம்தான். ஆசிரியர் எழுதிய வசனத்தை அமைச்சர் ஒப்பிப்பார், குறித்த இடத்தில் எதிர்க்கட்சி கூச்சலிடும், சட்டம் நிறைவேறும். பரிசு வாங்க அது போதும். அரசு இயங்கும் விதம் 9 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால், வாக்கெடுப்பின் முடிவு ஆசிரியருக்கே முன்கூட்டித் தெரியக்கூடாது.

அதற்கு முதலில் எண்ணிக்கையைச் சரியாக அமைக்க வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் பேரவைத் தலைவர், செயலாளர், நேரம் பார்ப்பவர் தலா ஒருவர், குறிப்பெடுக்க இருவர் போக, 35 உறுப்பினர்கள். ஆளுங்கட்சிக்கு 17, அதன் தோழமைக் கட்சிக்கு 3, எதிர்க்கட்சிக்கு 11, இன்னொரு சிறு கட்சிக்கு 3, சுயேச்சை ஒருவர். பெரும்பான்மைக்கு 18 வேண்டும். அரசிடம் தனியாக அது இல்லை. அந்த மூன்று பேர் மனம் மாறினால் அரசு தோற்கும். (உண்மையில் பேரவைத் தலைவரும் ஓர் உறுப்பினர்தான். வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் வாக்களிப்பார்.) ஆளுங்கட்சிக்கு 25 இடம் கொடுத்தால் விவாதம் வெறும் சடங்காகிவிடும்.

கட்சிகளுக்கு மரங்களின் பெயர் வையுங்கள். நிஜக் கட்சியின் பெயர், நிறம், கொடி எதுவும் வேண்டாம். வைத்தால் வீட்டு அரசியலும் தெரு அரசியலும் வகுப்புக்குள் வந்துவிடும். யார் எந்தக் கட்சி, யாருக்கு எந்தத் துறை என்பதெல்லாம் குலுக்கலில் முடிவாகட்டும். ஆசிரியரே பிரித்தால் மாணவிகளுக்குச் சமூக நலமும் மாணவர்களுக்கு நிதியும் காவல்துறையும் போய்ச் சேருவது வழக்கம். பேரவைத் தலைவரை மட்டும் குலுக்கலுக்கு விட வேண்டாம். நன்றாகப் பேசுபவரைவிடப் பொறுமையாகக் கேட்பவர் அந்த நாற்காலிக்குப் பொருத்தம்.

அடுத்து சட்டமுன்வடிவு (மசோதா). மாணவர்கள் உடனே கேட்பது ரயில், கைபேசி, நீட். முதல் இரண்டும் நாடாளுமன்றம் மட்டுமே சட்டமியற்றக்கூடிய ஒன்றியப் பட்டியலுக்குள் போகின்றன. நீட் சார்ந்த கல்வி 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தத்தால், ஒன்றியமும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. அதிகாரங்களைப் பிரித்துச் சொல்லும் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலைக் கையில் கொடுத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், தண்ணீர் ஆகியவை அதில் இருக்கின்றன. ஒரு மாநில அரசால் எதெல்லாம் முடியாது என்பது இந்த அரைமணி நேரத்தில் தானாகவே புரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஏரியில் கழிவு கொட்டுவதைத் தடுக்க ஒரு பக்கச் சட்டமுன்வடிவு. தலைப்பு, சொல் விளக்கம், தடை, தண்டம், நிறைவேற்றும் அலுவலர் என ஐந்து பிரிவுகளும், இறுதியில் நோக்கக் காரண விளக்கவுரையும் போதும். பத்துப் பிரிவு எழுதினால் விவாதிக்க நேரம் இருக்காது. சண்டை சொல் விளக்கத்திலேயே தொடங்கும். ஆண்டில் எட்டு மாதம் வறண்டு கிடப்பது ஏரியா? கோயில் குளம் இதில் சேருமா? வீட்டுக் குப்பையைப் பையில் கொண்டுவந்து போடுபவருக்கும் லாரியில் கொட்டுபவருக்கும் ஒரே தண்டமா? பிடிப்பது யார், கிராம நிர்வாக அலுவலரா, ஊராட்சியா, காவல்துறையா? அந்த வேலைக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்? இவற்றை, முன்வடிவை நுணுக்கமாக ஆராய ஏழு பேர் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள். நிஜச் சட்டமன்றத்தில் பல முன்வடிவுகள் தெரிவுக் குழுவைப் பார்க்காமலே நிறைவேறுகின்றன. வகுப்பில் அந்த அவசரம் தேவையில்லை.

திருத்தங்களை எழுத்தில்தான் வாங்க வேண்டும். ‘தண்டத்தை நியாயமாக்க வேண்டும்’ என்பது திருத்தமல்ல, ஆசை. ‘பிரிவு 4இல் “ஐயாயிரம் ரூபாய்” என்பதற்குப் பதிலாக “வீட்டுக் கழிவுக்கு ஐந்நூறு ரூபாய், வாகனத்தில் கொட்டினால் இருபதாயிரம் ரூபாய்” என்று சேர்க்கப்படவேண்டும்’ என்பது திருத்தம். முதல் தடவை பாதிக்கு மேல் ஆசைகளாகத்தான் வரும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்குக் கட்டளையிடும் கொறடா விஷயத்தில் கவனம் தேவை. அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடை), கட்சியின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியிழக்கலாம். இதை அப்படியே வகுப்பில் எல்லா வாக்கெடுப்புக்கும் வைத்தால், எவ்வளவு நல்ல பேச்சும் ஒரு வாக்கைக்கூட மாற்றாது. கொறடாவின் கட்டளை இறுதி வாக்கெடுப்புக்கு மட்டும் செல்லும், திருத்தங்களில் அவரவர் விருப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். நிஜ அவையில் திருத்தங்களுக்கும் கட்டளை பிறப்பிக்க முடியும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஏன் இப்படி என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

அவை நாளுக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து 90 நிமிடம் வேண்டும். தமிழகச் சட்டப்பேரவை போலவே திருக்குறளுடன் தொடங்கலாம். அதற்கும் அறிவிப்புகளுக்கும் 5 நிமிடம். கேள்வி நேரம் 20, அவசரப் பிரச்சினையை அமைச்சரிடம் எழுப்பும் கவன ஈர்ப்பு 10, சட்டமுன்வடிவு 50; மிச்சம் 5 எப்படியும் கரைந்துவிடும். அந்த 50இல் அறிமுகம் 2 நிமிடம், பொது விவாதம் தலா 3 நிமிடமாக எட்டுப் பேர், பிரிவுவாரி ஆய்வு 15, அமைச்சர் பதிலுரை 5, வாக்கெடுப்பு 4. பிரிவுவாரி ஆய்வில் பிரிவு 2இலிருந்து தொடங்கி, பிரிவு 1ஐயும் (குறுந்தலைப்பு), நோக்கத்தைச் சொல்லும் நீண்ட தலைப்பையும் கடைசியில் எடுக்க வேண்டும். உள்ளே மாறியதற்கு ஏற்பத் தலைப்பும் மாற வேண்டியிருக்கும் அல்லவா!

கேள்வி நேரத்துக்கு ஐந்து வினாக்கள் போதும். மூல வினா இரண்டு நாள் முன்பே அமைச்சருக்குப் போக வேண்டும், பதிலைக் கேட்டபின் தொடுக்கும் துணை வினா போகக்கூடாது. அமைச்சர் தயாராவதற்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு நல்ல மூலம்; மானியக் கோரிக்கையின்போது (துறைக்கான நிதிக்கு அவையின் ஒப்புதல் கேட்கும்போது) துறைகள் தமிழிலேயே வெளியிடுபவை. குறிப்பைப் படிக்காத அமைச்சர் இரண்டாவது துணை வினாவில் மாட்டிக்கொள்வார். ஆசிரியர் காப்பாற்ற வேண்டாம். ‘விவரம் பெற்று அவைக்குத் தெரிவிக்கிறேன்’ என்ற வாக்கியத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

தொலைக்காட்சி கற்றுக்கொடுத்தது வெளிநடப்பு. அதைத் தடுக்க வேண்டாம், விலை வையுங்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அந்த வாக்கெடுப்பு முடியும்வரை திரும்பக்கூடாது. எதிர்க்கட்சியின் 11 பேரும் போனால் அவையில் மிச்சம் 24. 13 வாக்கு போதும். 17 பேர் உள்ள ஆளுங்கட்சிக்கு இப்போது தோழமைக் கட்சியே தேவையில்லை. கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதும்போது, வெளியே நிற்பவர்களின் முகம் மாறும்.

வாக்கெடுப்பை முதலில் குரல்வழி நடத்துங்கள்: ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க.’ ஓர் உறுப்பினர் கேட்டால் எண்ணிக் கணக்கிட வேண்டும். பேரவைத் தலைவரின் மேசையில் இத்தகைய வாசகங்கள் அடங்கிய ஒரு பக்க அட்டை இருக்கட்டும். ஒழுங்குப் பிரச்சினை எழுப்புபவர் எந்த விதி மீறப்பட்டது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உட்காரச் சொல்லலாம்.

நிறைவேறினால் கதை முடிந்ததென்று நினைப்பார்கள். வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரை ஆளுநராக்கி, அரசியலமைப்பின் 200ஆவது உறுப்பின்படி ஒரு குறிப்புடன் முன்வடிவைத் திருப்பி அனுப்பச் செய்யுங்கள். மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது. அதற்கு அடுத்த வாரம் 20 நிமிடம் ஒதுக்குங்கள்; தோழமைக் கட்சி பேரம் பேசுவது பெரும்பாலும் அப்போதுதான்.

மதிப்பெண்ணைப் பேச்சுக்கு மட்டும் கொடுத்தால் ஆறேழு பேர் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எழுதிய திருத்தம், கேட்ட துணை வினா, குழுவில் செய்த வேலை ஆகியவற்றுக்குப் பாதிக்கு மேல் போகட்டும். குறிப்பெடுத்த இருவரின் அவைக் குறிப்பை மறுநாளே சுவரில் ஒட்டுங்கள். தான் சொன்னது தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று யாராவது வந்தால், எழுத்து மூலம் பேரவைத் தலைவரிடம் முறையிடச் சொல்லுங்கள்.