ஒரு சப்வே, 250 வார்த்தை, ஒரு கூட்டத்தொடர்

எங்கள் தொகுதியில் ஒரு ரயில்வே சப்வே இருக்கிறது. ஐப்பசியில் அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், உள்ளே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டிப் போவார்கள். இதை மக்களவையில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் ஒரு எம்.பி.யிடம் உதவியாளராக இருக்கிறேன் (அவர் பெயர் வேண்டாம், தொகுதியில் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்). பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கும்போது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காவது உதவட்டும்.

முதலில் கேள்வி நேரம். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான், அது தெரியும். குறைந்தது 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவும் தெரியும். தெரியாமல் போனது என்னவென்றால் அது 15 ‘முழு’ நாள். கொடுக்கிற நாளும் கணக்கில் வராது, பதில் வருகிற நாளும் வராது. விரல் விட்டு எண்ணி, கச்சிதமாக 15ஆவது நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் காலண்டரைத் திருப்பி என் பக்கம் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. 14தான் வந்தது. ஒரு வாரம் போச்சு.

அடுத்த வாரம் சரியாகக் கொடுத்தேன். குலுக்கலில் நட்சத்திரக் கேள்வியாகவே விழுந்தது (அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி), 20ல் 14ஆவது. ஊருக்குப் போன் போட்டு, டிவி பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். பட்டியலில் 20 இருக்கும், ஆனால் 11 மணியிலிருந்து 12 மணிக்குள் நாலைந்து கேள்வியைத் தாண்டினாலே பெரிய விஷயம். அமைச்சரின் பதிலுக்குத் துணைக் கேள்விகள், அதற்குப் பதில், நடுவில் சத்தம் என்று நேரம் போய்விடும். 14 என்றால் மணியடிக்கும்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். எழுத்தில் பதில் மட்டும் வந்தது. நாடு முழுக்க சப்வேக்களில் நீர் தேங்குவதைத் தடுக்க எடுக்கும் பொதுவான நடவடிக்கைகள் என்று ஒரு பக்கம். எங்கள் ஊர்ப் பெயரே இல்லை. எதிரில் நின்று துணைக் கேள்வி கேட்க முடிந்திருந்தால் பிடித்திருக்கலாம், காகிதத்தை எப்படிப் பிடிப்பது?

சரி, பூஜ்ய நேரம் இருக்கிறதே என்று அங்கே போனேன். கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்புகிற நேரம் அது. மக்களவை விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது, வழக்கத்தில் வந்த ஏற்பாடு. ஆனால் இதற்கும் நோட்டீஸ், இதற்கும் குலுக்கல். நோட்டீஸ் அன்றைக்கு மட்டும்தான் செல்லும், பெயர் வரவில்லையா, மறுநாள் புதிதாகக் கொடுக்க வேண்டும். நாலு நாள் கொடுத்தேன், ஐந்தாவது நாள் 7ஆவது இடம் கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். காலை 11 மணிக்கு அவை கூடியது, கோஷம், 12 வரை ஒத்திவைப்பு. 12 மணிக்குக் கூடியது, மறுபடி கோஷம், 2 வரை ஒத்திவைப்பு. அதோடு பூஜ்ய நேரம் காலி. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்குக் கோஷம் போட்டவர்களில் எங்கள் அக்காவும் ஒருவர். கட்சி முடிவு, அவர் என்ன செய்வார். மாலையில் அவரே, “தம்பி, நம்ம சப்வேயை நாமளே மூழ்கடிச்சுட்டோம்” என்றார்.

இரண்டாவது முறை நடந்ததுக்கு முழுப் பொறுப்பும் நான்தான். அன்றைக்கு 19ஆவது இடம். பழைய அனுபவத்தில் கணக்குப் போட்டு, ஒரு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள், நிதானமாக வாங்கக்கா என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் அவையில் இல்லை. பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர், காத்திருக்க மாட்டார்கள். நான் அறையில் சன்சத் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அக்கா பெயர் கேட்கிறது, அக்கா வெளியே யாரோ பார்வையாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார். நான் போன் எடுத்து நம்பரைத் தேடுவதற்குள் அடுத்தவர் எழுந்து நின்று தன் ஊர் மேம்பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 19ஓ 20ஓ, எண்ணைப் பார்க்காதீர்கள். பெயர் வந்துவிட்டால் 12 மணியிலிருந்து ஆளை நாற்காலியை விட்டு எழ விடாதீர்கள்.

அப்புறம் ரயில்வே மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அமைச்சகத்தின் செலவுக்கு அவை ஒப்புதல் தருவதற்கு முன் நடக்கிற விவாதம். இதுதான் பெரிய வாய்ப்பு என்று நினைத்தேன், உண்மையில் இங்கேதான் அடி பலமாக விழுந்தது. எதற்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும், சபாநாயகர்தான் அதற்குத் தலைவர். அந்த நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்குத் தக்கபடி பிரிப்பார்கள். ஒரு மசோதாவுக்கு நாலு மணி நேரம் என்று வையுங்கள், 240 நிமிடம், 543 உறுப்பினர். தலைக்கு 26 விநாடிதான் தேறும். ரயில்வேக்குக் கொஞ்சம் தாராளம், ஆனால் எங்கள் கட்சி சின்னது. இரண்டு பேர் பேசலாம் என்று பட்டியல் போனது, அக்கா இரண்டாவது. நேரம் கட்சிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. முதலில் பேசிய அண்ணன் நன்றாகத்தான் பேசினார், கட்சியின் நேரத்தில் முக்கால்வாசியையும் பேசிவிட்டார்.

அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது எட்டு நிமிட உரை. கிடைத்தது இரண்டு நிமிடம் சொச்சம். முதல் பத்தி அவைத் தலைவருக்கு நன்றி, இரண்டாவது பத்தி கட்சித் தலைமைக்கு நன்றி, மூன்றாவது தொகுதி வாக்காளர்களுக்கு நன்றி, நாலாவதில் ஒரு குறள். எல்லாம் என் கைவரிசை. குறளின் இரண்டாவது அடியில் மணி அடித்தது. “முடிக்கிறேன் ஐயா, ஒரே நிமிடம்” என்று அவர் காகிதத்தைப் புரட்டுகிறார், சப்வே ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது. வெளியே வந்தவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. “நன்றி சொல்லியே முடிஞ்சுபோச்சு தம்பி” என்றார். ரயில்வேக்கு விவாதமாவது நடந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எத்தனையோ அமைச்சகங்களின் கோரிக்கைகளை, கடைசி நாளில் குறித்த நேரம் வந்ததும் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றிவிடுவார்கள். இதற்குக் கில்லட்டின், அதாவது தலைவெட்டும் இயந்திரம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

அன்று ராத்திரி, பல வருடமாக இதே வேலையில் இருக்கும் வேறொரு எம்.பி.யின் உதவியாளர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னதை அப்படியே தருகிறேன். எந்த உரையையும் மூன்று அளவில் எழுது: ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம், முப்பது விநாடி. மூன்றிலும் முதல் வாக்கியத்தில் ஊர்ப் பெயரும் என்ன வேண்டும் என்பதும் இருக்கட்டும். நன்றியெல்லாம் கடைசியில், வெட்டுப்பட்டால் அது வெட்டுப்படட்டும். அப்புறம் ஒன்று கேட்டார்: “377 கொடுத்தியா?”

கொடுக்கவில்லை. விதி 377 என்றால் மற்ற வழிகளில் எழுப்ப முடியாத விஷயத்தை, முன்பே அனுமதி பெற்ற வாசகத்தோடு எழுப்புவது. ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்றுதான், 250 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, ஒரு நோட்டீஸில் ஒரே விஷயம். சத்தம் கித்தம் இல்லாத சமாசாரம் என்பதால் யாரும் பெரிதாக மதிப்பதில்லை, நானும் மதிக்கவில்லை. முதல் முறை 312 வார்த்தை எழுதி, ஓசியில் ஒரு ரயில் நிறுத்தத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். திரும்பி வந்தது. ரயில் நிறுத்தத்தைத் தூக்கினேன், 270. ‘நீண்டகாலமாக’, ‘மிகுந்த வேதனையோடு’, ‘எண்ணற்ற முறை’, இந்த மாதிரி அடைமொழிகளைத் தேடித்தேடிக் களைந்தேன், 241. படித்துப் பார்த்தால், அடடா, இதுதான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. எந்த சப்வே, எந்த மாதங்களில், எத்தனை அடித் தண்ணீர், மின்மோட்டார் எப்போதிலிருந்து ஓடவில்லை, என்ன வேண்டும். வேறொன்றும் இல்லை.

கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் அது பட்டியலில் வந்தது. அன்றைக்கும் அவையில் ஒரே கூச்சல். 377ல் அனுமதி பெற்றவர்கள் எல்லோரும் தங்கள் வாசகத்தை மேசையில் வைத்ததாகக் கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டு, அடுத்த அலுவலுக்குப் போய்விட்டார்கள். மொத்தம் பத்து விநாடி இருக்கும். அக்கா வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த 241 வார்த்தையும் ஒரு எழுத்து குறையாமல் அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது, அமைச்சகம் இதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

எழுதியது. ஊர்ப் பெயரோடு, சப்வேயின் எண்ணோடு. கூட்டு ஆய்வு நடத்தச் சொல்லியிருப்பதாகவும், பழுதான மோட்டாரை மழைக்கு முன் மாற்றுவதாகவும் ஒன்றரைப் பக்கம். மாற்றினால்தான் நம்புவேன், இருந்தாலும் அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொகுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

இரண்டே நிமிடத்தில் முதல் பதில் வந்தது: “ரொம்ப நன்றி தம்பி. அக்கா இதைப் பத்திப் பேசின வீடியோ எங்க?”