ஒரு சுவிட்ச் சிப்பின் விவரக்கோப்பை யாமலுக்கு மாற்றியபோது

போன மே மாதம் காட்பாடி வீட்டு மாடியறையில் செய்த வேலை இது. வேலூர் வெயிலில் காலை 5 மணியிலிருந்து 9 மணிவரைதான் அங்கே உட்கார முடியும். அதற்குள் முடித்தது அன்றைய கணக்கு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில், நெட்வொர்க் சுவிட்ச் சிப்புகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களுக்கு டிஎஸ்ஏ என்றொரு பகுதி உண்டு. சிப் எந்த பஸ்ஸில் (இணைப்புத் தடத்தில்) இருக்கிறது, எத்தனை போர்ட், எந்த போர்ட் சிபியுவோடு சேர்கிறது என்பதையெல்லாம் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு சொல்லும். அதை எழுதுவதற்கான விதிகள் முன்பு வெறும் உரைக்கோப்பாக இருந்தன. அவற்றை யாமல் என்ற உரை வடிவத்தில் ஸ்கீமாவாக, அதாவது கணினி படிக்கும் விதித்தொகுப்பாக மாற்றினால், எழுதியது சரியா என்று கணினியே பார்த்துவிடும். நான் எடுத்தது 5 போர்ட் உள்ள ஒரு சிப்பின் கோப்பு.

ஒரே காலையில் முடியும் என்றுதான் நினைத்தேன். ஸ்கீமாவைச் சோதிக்கும் 'மேக் டிடி_பைண்டிங்_செக்' கட்டளையை ஓட்டியதும் பிழைகள் வரிசையாக வந்தன. சி நிரல் எழுதிய பழக்கத்தில் டேப் போட்டிருந்தேன்; யாமலில் உள்தள்ளலுக்கு டேப் கூடாது. அதைத் திருத்திய பிறகு வந்த பிழைதான் முக்கியமானது. சிப்பை ரீசெட் செய்யும் கம்பியைக் குறிக்கும் பெயர், பழைய கோப்பின் விளக்கத்தில் 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' என்று பன்மையில் இருந்தது, கீழே எடுத்துக்காட்டில் ஒருமையில். கர்னல் இரண்டு பெயரையும் தேடிப் பார்ப்பதால் சிப் ஒழுங்காக ஓடியது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஸ்கீமா முதல் ஓட்டத்திலேயே பிடித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இந்த வேலைமேல் பெரிய மரியாதை வந்தது.

மாற்றங்களை ஒரு பேட்சாகத் தொகுத்து, கர்னலில் அந்தப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். மறுமொழி ஒரு வரியைப் பற்றி மட்டுமே. சிபியுவையும் சுவிட்ச் சிப்பையும் சேர்க்கும் ஆர்ஜிஎம்ஐஐ என்ற இணைப்பில் கடிகாரத் துடிப்பு தரவைவிடச் சுமார் 2 நானோசெகண்ட் பிந்தி வர வேண்டும். அந்தத் தாமதத்தை சர்க்யூட் போர்டில் செப்புத் தடத்தை நீட்டியும் தரலாம், சிப்புக்குள்ளேயும் தரலாம். சிப்புக்குள் தருவதற்கான பண்புக்கு, 'டிரைவர் இதைப் படித்துத் தாமதத்தை இயக்கும்' என்று விளக்கம் எழுதியிருந்தேன். டிரைவர் செய்வதை எழுதாதே, வன்பொருளை எழுது என்றார்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றியது. காந்தி நகரில் இருக்கும் சீனியர் அண்ணனிடம் காட்டினேன். “தம்பி, இதே ட்ரீயை கணினியைத் தொடங்கி வைக்கிற யூ-பூட்டும் படிக்குது, ஃப்ரீபிஎஸ்டிங்கற இன்னொரு இயங்குதளமும் படிக்குது. அங்க உன் டிரைவர் எங்கப்பா இருக்கு?” என்றார். அப்புறம் சிப் தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டைத் திறந்து, 'அனுப்பும் கடிகாரக் கம்பியில் சிப் சேர்க்கும் தாமதம், பிகோசெகண்டில்; 0 அல்லது 2000' என்று எழுதினேன். டிரைவர் என்ற சொல் இருந்த மற்ற மூன்று இடங்களையும் அப்படியே மாற்றினேன்.

கர்னலின் நெட்வொர்க் பகுதியில் பேட்சின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் 24 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். அந்தக் காத்திருப்பும் நல்லதுக்குத்தான். மறுநாள் படித்தபோது எடுத்துக்காட்டில் இன்னொரு தவறு கிடைத்தது. மூன்றாம் பதிப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

அதோடு விடாமல், கர்னலில் உள்ள டிவைஸ் ட்ரீ கோப்புகளை ஸ்கீமாவோடு ஒப்பிடும் 'டிடிபிஎஸ்_செக்' ஓட்டிப் பார்த்தேன். இரண்டு சர்க்யூட் போர்டுகளின் கோப்புகளில் அதே ஒருமைப் பெயர். இப்போது அவற்றுக்கான பேட்ச் எழுதிக்கொண்டிருக்கிறேன்.