அப்பா வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எல்லா நாளும் எங்கள் வீட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்பா இருக்கமாட்டார். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு ஸ்பெஷல் பஸ், குலசை தசராவுக்கு ஸ்பெஷல் பஸ்; அதற்கும் போய்விடுவார். அவர் கண்டக்டர். பஸ்ஸில் கட்டபொம்மன் பெயர் எழுதியிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1997இல் தலைவர்களின் பெயரையெல்லாம் எடுத்துவிட்ட பிறகும் எங்கள் ஊரில் பழைய பெயரைச் சொல்லித்தான் அந்த பஸ்ஸைக் கூப்பிட்டார்கள்.

யாருக்கு எந்தப் பண்டிகையோ, அன்றைய டியூட்டியை அப்பா கேட்டு வாங்கிக்கொள்வார். பதிலுக்கு அவர்களிடம் கேட்பது ஞாயிற்றுக்கிழமை காலை. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் டிப்போவில் இருந்தார். அவருடைய பெருநாளுக்கு அப்பா ஓடுவார், எங்கள் கிறிஸ்துமசுக்கு அவர் ஓடுவார். முப்பது வருடம் இருவரும் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டதில்லை. கிறிஸ்துமஸ் அன்று மாலை அம்மா கட்டிக்கொடுக்கும் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு அப்பா டிப்போவுக்குப் போய் அவர் பஸ் வரும்வரை நிற்பார்.

குலசை தசரா டியூட்டிக் கதைகளைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வோம். விரதம் இருந்து காளி வேடம் போட்டவர்கள் தகரக் கிரீடமும் கட்டிய கைகளுமாக பஸ்ஸில் ஏறுவார்கள். படிக்கட்டில் நின்ற ஒரு காளியிடம், "தாயே, கொஞ்சம் உள்ளே வாருங்கள். எட்டுக் கையில் ஆறு வெளியே நிற்கிறது" என்று சொன்னாராம். காளி சிரித்ததில் பொய்நாக்கு கழன்று விழுந்துவிட்டது. அதைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் விசில் ஊதினேன் என்பார்.

திருச்செந்தூரிலிருந்து பரமன்குறிச்சி, மெஞ்ஞானபுரம் வழியாகச் சாத்தான்குளம் போகும் ரூட்டில்தான் அதிக வருடம் ஓடினார். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அது தலைகாட்டும்போது, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாலும் அப்பா ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வாராம். இதைச் சொன்னவர் அவருடைய டிரைவர். அப்பா சொன்னதில்லை.

கடைசி டிரிப் முடித்து வீட்டுக்கு வரப் பத்தரை ஆகிவிடும். குடும்ப ஜெபம் அதற்குப் பிறகுதான். நானும் தம்பியும் தூங்கிப்போயிருந்தால் எழுப்பிப் பாயில் உட்காரவைப்பார். எனக்கு அதில் கோபம் உண்டு. இன்றுவரை உண்டு, ஏழு வயதுப் பிள்ளையைப் பத்தரை மணிக்கு எழுப்ப எந்த ஆண்டவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஜெபத்தின் வரிசை எனக்கு மனப்பாடம். எங்களுக்காக வேண்டி முடித்ததும் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போவார். பரமன்குறிச்சியில் ஏறும் நிறைமாதப் பெண், அடுத்த நிறுத்தத்தில் கருப்பட்டி ஓலைப்பெட்டியோடு ஏறும் பாட்டியின் கண், சாத்தான்குளத்தில் இறங்கும் வாத்தியாரின் வேலை மாற்றம். பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. ஏறும் இடம்தான் அடையாளம். தூக்கக் கலக்கத்தில் தம்பி ஒருநாள் "ஆமென்" என்பதற்குப் பதில் "ரைட்" என்றான். அப்பாவுக்கு அடிக்கவா சிரிக்கவா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு காணிக்கைக் காசைப் புளி போட்டுத் தேய்ப்பார். ஆளுக்கு ஒரு நாணயம், பளபளவென்று. "பையில் ஆயிரம் கை பட்ட காசு. அப்படியே கொண்டுபோய்ப் போடலாமா?" என்பார். ஆராதனை முடிந்ததும் கோவிலை ஒட்டிய அறையில் காணிக்கை எண்ணுவதும் அவர்தான். நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு சில்லறையை இரண்டிரண்டாகத் தள்ளுவார். சபைப் பெரியவர்கள் மூன்று பேர் அரை மணி நேரம் எண்ணுவதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். டிப்போவில் கணக்குக் கட்டும்போது காசு குறைந்தால் கண்டக்டர்தான் கைப்பணம் போடவேண்டும். அந்தப் பயம் விரலிலேயே ஊறியிருந்தது.

இப்படியே எழுதினால் அப்பாவுக்குச் சிறகு முளைத்துவிடும். அவர் பொல்லாத வீம்புக்காரர். சபைத் தேர்தல் ஒன்றில் அவர் ஒரு பக்கம், பெரியப்பா எதிர்ப்பக்கம். அப்பா பக்கம் தோற்றது. அதன்பிறகு ஒரே தெருவில், இடையில் நான்கு வீடு இருக்க, அண்ணனும் தம்பியும் ஆறு வருடம் பேசவில்லை. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தன்று இரண்டு பேரும் ஒரே அடுப்பில்தான் நிற்பார்கள். கறிக்குழம்புக்கு உப்புப் பார்ப்பது பெரியப்பா, கிண்டுவது அப்பா. உப்புக் குறைந்தால் பெரியப்பா காற்றைப் பார்த்து "உப்பு" என்பார்.

தேங்காய் ஏலம் நடந்தது அந்த ஆறு வருடத்துக்குள்தான். அறுப்பின் பண்டிகையில் சபையார் கொண்டுவந்து படைக்கும் வாழைத்தார், கோழி, முருங்கைக்காய்க் கட்டு எல்லாவற்றையும் ஆராதனைக்குப் பின் ஏலம் விடுவது வழக்கம். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை என்பதால் ஏலம் விடுவது எப்போதும் அப்பா. அன்று ஒரு தேங்காயைத் தூக்கிப் பிடித்தார். பெரியப்பா இருபது என்றார். அப்பா தேங்காயைக் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, "இருபத்தைந்து" என்றார். முப்பது, ஐம்பது, நூறு. பெண்கள் பக்கம் சிரிப்பு. இருநூறில் சிரிப்பு அடங்கிவிட்டது. குருவானவர் தடுத்திருக்கலாம், காணிக்கை ஏறுகிறதே என்றோ என்னவோ, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். 340 ரூபாய்க்குத் தேங்காய் அப்பாவுக்கு வந்தது. பையில் இருந்தது 200. மீதி 140ஐ இரண்டு மாதமாகச் சபைக்குக் கட்டினார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்து மூன்று வேளையும் அதையே வைத்தாள். எங்கள் வீட்டில் எந்தச் சட்னி நன்றாக இல்லாவிட்டாலும் 340 ரூபாய்ச் சட்னி என்பது அன்றிலிருந்துதான்.

அந்தச் சண்டை தீர்ந்த விதமும் கோவிலுக்குள்தான். எங்கள் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கையிலிருந்து கைக்கு வரும். பீடத்தில் குருவானவர் தொடங்க, கூப்பிய கையை அடுத்தவர் தன் இரு கைக்குள் வாங்கி, திரும்பிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கவேண்டும். ஆறு வருடமும் அப்பா கணக்காக வேறு வரிசையில் உட்கார்ந்து தப்பித்தார். ஒரு ஞாயிறு, நைட் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு தாமதமாக ஓடிவந்தவர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சமாதானம் அந்த வரிசைக்கு வந்தபோதுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தார். நான் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பெரியப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்பா உடனே வாங்கவில்லை. அவருக்கு அந்தப்பக்கம் இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பின்னால் ஆள் நிற்கும்போது வழியை அடைத்து நிற்க அவருக்குத் தெரியாது. வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து செருப்புப் போடும்போது பெரியப்பா, "நாளைக்கு எந்த ரூட்?" என்று கேட்டார். "சாத்தான்குளம்" என்றார் அப்பா. ஆறு வருடத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான்.

58 வயதில் ஓய்வுபெற்றார். அதன்பின் எல்லா ஞாயிறும் சும்மாவே கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குத் தோன்றும். கடைசி இரண்டு வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மண்டியிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தார். வரிசை மட்டும் மாறவில்லை. பரமன்குறிச்சி நிறைமாதப் பெண்ணுக்குப் பேரப்பிள்ளையே பிறந்திருக்கும், அப்பா இன்னும் சுகப்பிரசவம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை போனார். அடக்கத்துக்குக் காயல்பட்டினத்துக்காரர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தார்.

இந்த அறுப்பின் பண்டிகைக்கு நான் ஊரில் இருந்தேன். ஏலம் விட்டவன் கல்லூரிப் பையன், கையில் மைக். தேங்காயைத் தூக்கியதும் பெரியப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே "அறுபது" என்றார். பையன் ஒருதரம் என்றான், இரண்டு தரம் என்றான். பெரியப்பா திரும்பி ஆண்கள் பக்கம் முழுவதையும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. மூன்று தரம்.

மத்தியானம் எங்கள் திண்ணைக்கு வந்து தேங்காயை அம்மாவிடம் நீட்டினார். "அறுபது ரூபாய்க்கே கொடுத்துவிட்டான், மடப்பயல்" என்று திட்டிவிட்டு உட்கார்ந்தார். அம்மா அரிவாளை எடுத்துவரச் சொன்னாள். சட்னிக்கு மிளகாய் இருக்கிறதா என்று நான் பார்க்கப் போனேன்.