கூடிய வேகம்

குதிரைக் கல்லீரலிலிருந்து எடுக்கும் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ்தான் ஆய்வகத்தில் நான் கையாண்ட முதல் என்சைம். ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து என்ஏடி என்ற துணை மூலக்கூறுக்குக் கொடுப்பது அதன் வேலை. அப்படி ஹைட்ரஜன் ஏறி உருவாகும் என்ஏடிஎச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அந்த உறிஞ்சலைக் காட்டும் திரையில் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, என்சைம் அவ்வளவு வேகம்.

குறிப்பிட்ட அமினோ அமிலத்தை வேதிப்பொருளால் மாற்றிவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்பது பழைய முறை. அயோடோஅசிட்டேட் சேர்த்தால், துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் 46ஆவது அமினோ அமிலமான சிஸ்டீன் மாறும், என்சைமின் செயல்பாடு விழுந்துவிடும். ஆனால் முக்கியமான இடம் அடிபட்டாலும் செயல்பாடு விழும், புரதமே குலைந்தாலும் விழும். எதனால் என்று சொல்வது கடினம்.

அதனால்தான் பிரைஸ் பிளாப் 1970இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அவ்வளவு பிடித்தது. மெத்தில் பிக்கோலினிமிடேட் என்ற வேதிப்பொருளால் லைசின் என்ற அமினோ அமிலங்களை மாற்றியதும் என்சைமின் வேகம் பத்து மடங்குக்கு மேல் கூடியிருந்தது. குலைந்த புரதம் இப்படி ஓடாது.

அதையே நான் செய்தபோது இரண்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. மேடம் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பஃபர் என்ன போட்டீங்க?" அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசலைத்தான் கேட்டார்.

"டிரிஸ், மேடம்."

"டிரிஸ்லயே அமீன் இருக்கே. ரீஏஜென்ட் லைசின்ல இருக்கற அமீன்கிட்ட போறதுக்குள்ள அதுவே பிடிச்சிருக்கும்."

ரீஏஜென்ட்டை அப்படிப் பிடிக்காத டிரைஎத்தனாலமீன் பஃபருக்கு மாறினேன். மறுநாள் அளக்கும் சிறு குப்பியான குவெட்டை உள்ளே வைத்து மூடியதும் கோடு நேராக மேலே போய்விட்டது. சரிவை அளக்கவே நேரமில்லை. என்சைமைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்த பிறகுதான் ஒழுங்கான கோடு கிடைத்தது. அன்று மதியம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

காரணம்தான் இன்னும் அழகு. ஹைட்ரஜனை மாற்றும் வேலை சீக்கிரமே முடிந்துவிடுகிறது. உருவான என்ஏடிஎச் என்சைமை விட்டு இறங்கத்தான் நேரமாகிறது. சாமானைக் கட்டிக் கொடுத்த பிறகும் வாங்கியவர் நகராவிட்டால் கடையில் வரிசை நிற்குமே, அதுபோல. அந்தப் பிடியில் 228ஆவது லைசினுக்குப் பங்கு உண்டு. அதை மாற்றினால் பிடி தளர்ந்து, என்ஏடிஎச் சீக்கிரம் வெளியேறும்.

சரி, மாற்றம் அந்த இடத்தில்தான் நடக்கிறதா? என்ஏடியையும், அதோடு சேர்ந்து என்சைமில் ஒட்டிக்கொள்ளும் பைரசோலையும் முதலில் சேர்த்து அந்த இடத்தை அடைத்துவிட்டு, அப்புறம் ரீஏஜென்ட்டை விட்டேன். சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றும் டயாலிசிஸை முடித்து மறுபடி அளந்தபோது, பழைய வேகத்திலேயே கோடு மெதுவாக ஏறியது.