மச்சானின் தோளும் தடைக்காலமும்

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய மூன்றாவது நாள், தங்கச்சிமடம் ரோட்டில் படிந்து கிடந்த மணலில் பைக் சறுக்கி மச்சான் விழுந்துவிட்டார். கையை ஊன்றவில்லை, தோள்முனை நேராகத் தரையில் மோதியது. தோளுக்கு மேலே எலும்பு புடைத்து நின்றது. விரலால் அழுத்தினால் ஆர்மோனியக் கட்டை மாதிரி உள்ளே போகும், விட்டால் எழும்பும். "தோள் இறங்கியிருக்கு" என்று நாட்டு வைத்தியர் எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டிவிட்டார். பதினைந்து நாள் அப்படியே போனது, அப்புறம்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தோள் இறங்குவது வேறு சங்கதி. அதில் கை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவும். மச்சானுக்குப் பிரிந்தது அதற்கு மேலே, காலர் எலும்பும் தோள்பட்டை எலும்பின் முனையும் சேர்கிற சின்ன மூட்டு. அங்கே பிடித்து வைத்திருக்கும் ஜவ்வுகள் அறுந்தால் எலும்பு மேலே ஏறியது போலத் தெரியும், ஆனால் உண்மையில் கையின் பாரம்தான் தோளைக் கீழே இழுத்துவிடுகிறது. (இது எனக்கும் மதுரையில் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.)

ராக்வுட் என்ற அமெரிக்க டாக்டர் பெயரில் இதற்கு ஆறு வகை சொல்கிறார்கள். முதல் இரண்டுக்குக் கையைத் தாங்கும் தூளியும் பயிற்சியும் போதும். மூன்றாவதுக்கு ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் வழக்குத் தீரவில்லை. மச்சானுக்கு ஐந்தாவது வகை, ஆபரேஷன்தான் என்றார்கள்.

கொக்கி பிளேட் வைக்கலாம், ஆனால் கொக்கி மேல் எலும்பை அரிக்கும் என்பதால் சில மாதத்தில் மறுபடி திறந்து எடுக்க வேண்டும். இன்னொன்று, காலர் எலும்பிலும் அதற்குக் கீழே காக்கை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பிலும் துளை போட்டு, இரண்டு பக்கமும் உலோகப் பொத்தான் வைத்து, நடுவே உறுதியான நூலால் இழுத்துக் கட்டுவது. மச்சானுக்கு இது சட்டென்று புரிந்தது, கயிறும் முடிச்சும் அவர் தொழில் ஆச்சே. "முடிச்சு வழுகாதுல்ல சார்?" என்று கேட்டார். மூன்று வாரம் தாண்டினால் அறுந்த ஜவ்வு தானாகச் சேரும் என்று நம்ப முடியாது, காலிலிருந்து தசைநார் எடுத்து வைக்க வேண்டி வரலாம் என்றார்கள். எங்களுக்கு அன்று பதினாறாவது நாள். மறுநாளே பொத்தான் வைத்தாயிற்று.

ஆறு வாரம் தூளி. தூளி கழன்ற அன்றுதான் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கிளம்பின. பாரம் தூக்க இன்னும் சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தும் மனுஷன் கரையில் டீசல் கேன் மேல் கை வைத்தார், அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துப் போட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.